கத்தோலிக்கப் பாடசாலைகளின் பணியும் தலைமையும்: ஒரு விமர்சன நோக்கு

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே 'மிசன் பள்ளிக்கூடம்' என்னும் தொடர் இன்னும் வழக்கொழிந்துவிடவில்லை. 'மிசன்' என்ற சொல்லுக்கு மேனாட்டு மொழிகளில் 'அனுப்பப்படுதல்' என்பதே மூலப்பொருள். ஒருவர்மேற் சுமத்தப்பட்ட பணி, அதனை ஏற்றுச் செல்லும் மனநிலை என்பன அதிலிருந்து விரிந்த பொருள்கள். நம்மவர் வாயில் அச்சொல் வேறொரு வாழ்வு பெற்றது. மிசன் வளவு, மிசன் கிணறு, மிசன் ஆட்கள் என்று வழங்கியபோது அது ஓர் இடத்தையும் அவ்விடத்திற் கூடி வாழ்ந்த மனிதரையுமே குறித்தது. சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டார்கள் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. கத்தோலிக்கப் பாடசாலையின் பணி பற்றிப் பெரிய அறிஞர்கள் எழுதிய ஏடுகள் பலவற்றில் தவறவிடப்படும் ஓர் உண்மையை இப்பாமர வழக்கு பற்றிப்பிடித்திருக்கின்றது என்றே நான் கருதுகின்றேன். அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வன இருவகை எழுத்துகள். ஒன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் உரோமையிலிருந்து கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் வெளியிட்ட ஏடுகள்; குறிப்பாகக் கத்தோலிக்கப் பாடசாலை பற்றிய 1977ஆம் ஆண்டின் ஏடு, பாடசாலைகளிற் பணிபுரியும் பொதுநிலைக் கத்தோலிக்கர் பற்றிய 1982ஆம் ஆண்டின் ஏடு, 2022இல் வந்த பாடசாலையின் தனித்துவம் பற்றிய அறிவுறுத்தல் என்பன. மற்றையது, ஜெரால்ட் கிரேஸ் என்னும் ஆங்கிலக் கல்வியியலாளர் கத்தோலிக்கப் பாடசாலைகளின் பணி, சந்தை, அறநெறி ஆகியவற்றை இணைத்து 2002இல் வெளியிட்ட ஆய்வு நூல். இவற்றை நமது நாட்டு அனுபவத்தோடு ஒப்புநோக்குவது பயனுடையது. சைவக் குடும்பத்திற் பிறந்து மிசன் பள்ளிக்கூடமொன்றிற் கற்றவன் என்ற முறையிலே இதனை எழுதுகின்றேன். அப்பாடசாலைகள் தம் சபையினருக்கு மாத்திரம் உரியனவாய் ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே அவற்றைப் பற்றிப் பேசும் உரிமையும் அவர்களுக்கு மாத்திரம் உரியதன்று.

முதலில் உரோமை ஏடுகளை நோக்குவோம். 1965ஆம் ஆண்டு ஒக்டோபரில் சங்கம் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கையே கத்தோலிக்கப் பாடசாலையின் வெற்றி தோல்வி பெரும்பாலும் ஆசிரியரிலே தங்கியுள்ளது என்ற கருத்தை முன்வைத்துவிட்டது. 1977இன் ஏடு அதனை விரித்தது. பண்பாட்டையும் விசுவாசத்தையும், விசுவாசத்தையும் வாழ்வையும் இணைப்பதே பாடசாலையின் தொழில் என அது வரையறுத்தது. அவ்வேட்டின் மிகத் துணிவான பகுதி வறியோரைப் பற்றியது. வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் கல்வியளிக்கும் கத்தோலிக்கப் பாடசாலை, அவர்களது சலுகை நிலையைக் காப்பாற்றவும் நீதியற்ற சமூகமொன்றைத் தொடர்ந்து வாழவைக்கவும் துணைபோகக்கூடும் என்று திருச்சபையே தன் பாடசாலைகளை நோக்கி எச்சரித்தது. இதனை எழுதியவர்கள் மார்க்சியர் அல்லர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1982ஆம் ஆண்டின் ஏடு பொதுநிலை ஆசிரியரை 'விசுவாசத்தின் சாட்சி' என்று அழைக்கின்றது. போதகரைக் காட்டிலும் சாட்சிகளுக்கே இக்கால மனிதன் செவிசாய்க்கின்றான் என்ற ஆறாம் பவுல் பாப்பரசரின் 1975ஆம் ஆண்டுச் சிந்தனை இதன் பின்னணியில் உள்ளது. குருமாரும் கன்னியரும் தொகையிற் குறைந்து வருவதனை ஏடு மறைக்கவில்லை. ஆனால் பொதுநிலையினர் முன்வருவதற்கு அக்குறைவு மாத்திரம் காரணமன்று எனவும், திருமுழுக்கினால் வரும் அழைத்தலே அடிப்படைக் காரணம் எனவும் அது விளக்குகின்றது. இறையியல் நோக்கில் இது பொருத்தமானதாகலாம். வரலாற்று நோக்கில் ஓர் ஐயம் எழுகின்றது. வேலைக்காரர் போய்விட்ட தோட்டத்துக்குப் புதிய வேலைக்காரரை அழைக்கும்போது, 'இது உங்களுக்கு ஆதியிலிருந்தே உரிய தோட்டம்' என்று கூறுவது எளிது. பழைய வேலைக்காரருக்கு அத்தோட்டத்தில் இருந்த கொட்டிலும் உணவும் புதியவருக்கும் உண்டா என்பதே கேட்கப்படவேண்டிய வினா.

நியாயமாகப் பேசுவதானால், ஏடு அவ்வினாவை முற்றாகத் தவிர்க்கவில்லை. பொதுநிலை ஆசிரியருக்குக் கண்ணியமாக வாழப் போதுமான வேதனம் ஒப்பந்தத்தினால் உறுதிசெய்யப்படல் வேண்டும் எனவும், வேறு தொழில் தேடி அலையும் நிலை அவருக்கு வரலாகாது எனவும் அது கூறுகின்றது. தொடர்பயிற்சியின் அவசியத்தையும் வற்புறுத்துகின்றது. குறை அளவிலும் தொனியிலுமே உள்ளது. சாட்சியாக விளங்குவது ஆசிரியரின் கடமையாக ஏடெங்கும் ஒலிக்கின்றது; அவரைத் தாங்குவது யாருடைய கடமை, எந்தப் பணத்தைக் கொண்டு, எந்த அமைப்பின் வழியாக என்பன பெரும்பாலும் எழுவாய் இல்லாத வாக்கியங்களாகவே நின்றுவிடுகின்றன. 'செய்யப்படல் வேண்டும்' என்று முடியும் வாக்கியம் எவரையும் கட்டுப்படுத்தாது என்பது அரசாங்கச் சுற்றுநிருபங்களை வாசித்துப் பழகிய நம் நாட்டவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டின் அறிவுறுத்தலிலே அதிபரின் நிலை இன்னும் தெளிவாகின்றது. அவர் ஒரு நிருவாகி மாத்திரம் அல்லர். திருச்சபையின் மேய்ப்பர்களோடுள்ள உறவிலே வேரூன்றிய பணியொன்றை முதலில் ஏற்பவர் எனப்படுகின்றார். ஆனால் அந்த அறிவுறுத்தலின் கவனத்தில் பெரும்பகுதி பாடசாலையின் தனித்துவத்துக்கு முரணாக எவரேனும் நடந்தால் யார் தீர்ப்பது, எவ்வாறு தீர்ப்பது என்பதிலேயே செல்கின்றது. பணியாளரை நீக்குதல் இறுதி வழியாகவே இருக்கவேண்டும் என்ற நிதானம் அதில் உண்டு, அதனைப் பாராட்டலாம். எனினும் அதிகாரத்தின் எல்லைகளை வரைவதற்குக் கிடைத்த பக்கங்கள் அதிபரின் தனிமையை உணர்வதற்குக் கிடைக்கவில்லை. இடையில், 2007இல், துறவியரும் பொதுநிலையினரும் இணைந்து கல்வியளிப்பது பற்றி வந்த ஏடு இவ்விடயத்தில் நெருங்கி வந்தது. இரு சாராரும் ஒன்றாகப் பயிற்சி பெறுதல் வேண்டும் என்று அது கூறியது. ஆயினும் ஒன்றாகப் பயிற்சி பெறத் துறவியர் போதியளவு எஞ்சியிருக்கும் நாடுகளுக்கே அது பொருந்தும். ஐக்கிய அமெரிக்காவின் கத்தோலிக்கப் பாடசாலைகளில் இன்று ஆசிரியருள் ஏறத்தாழ 97 வீதத்தினர் பொதுநிலையினராவர்.

இனிக் கிரேஸின் நூலுக்கு வருவோம். இலண்டன், பேர்மிங்ஹாம், லிவர்பூல் ஆகிய நகரங்களின் கத்தோலிக்க இடைநிலைப் பாடசாலைகளைச் சேர்ந்த 60 அதிபர்களின் கருத்துகளை அவர் ஆராய்ந்தார். 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின் பின்னர் இங்கிலாந்துப் பாடசாலைகள் ஒன்றோடொன்று போட்டியிடும் கடைகளைப் போலாயின. பரீட்சைப் பெறுபேறுகள் பட்டியலிடப்பட்டுப் பத்திரிகைகளில் வெளிவந்தன. அச்சூழலிலே பணியைக் கைவிடாது நின்ற அதிபர்களுக்கு அந்த வலிமை எங்கிருந்து வந்தது என்று கிரேஸ் வினவினார். பியர் பூர்டியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளரின் மூலதனக் கோட்பாட்டைத் தழுவி, 'ஆன்மீக மூலதனம்' என்ற கருத்தை அவர் உருவாக்கினார். குருமடங்களிலும் துறவற சபைகளிலும் கத்தோலிக்க ஆசிரிய கலாசாலைகளிலும் உருவான தலைமுறையினர் அம்மூலதனத்தைக் கையில் வைத்திருந்தனர். அவர்கள் ஓய்வுபெறும்போது அது கரைகின்றது. புதுப்பிக்கப்படாவிடின் பாடசாலையின் பெயரில் மாத்திரமே கத்தோலிக்கம் எஞ்சும் என்பது அவரது அச்சம்.

நூல் சிறந்தது. அதிபர்களை வீரராகவும் காட்டாமல் வில்லராகவும் காட்டாமல், நெருக்கடியில் நிற்கும் மனிதராகக் காட்டுவதே அதன் தனிச்சிறப்பு. ஆனால் 'மூலதனம்' என்ற உருவகத்தைக் கிரேஸ் போதியளவு கடினமாக வினவவில்லை என்பது என் துணிபு. மூலதனம் என்றால் அதனை ஈட்டித் தந்த உழைப்பு எது என்று கேட்கவேண்டும். துறவியரின் உழைப்பு வேதனமற்றதாகவோ, சிறு படியோடு கூடியதாகவோ இருந்தது. வேதனம் கிடைத்த இடங்களிலும் வறுமை வார்த்தைப்பாட்டின்படி அது சபையின் பொதுப்பணத்தையே சேர்ந்தது. ஆன்மீக மூலதனம் என்று கிரேஸ் அழைப்பதன் அடியிலே பச்சையான பண மூலதனமொன்றும் இருந்தது என்பதே இதன் பொருள். அமெரிக்க உதாரணம் இதனை நன்கு காட்டும். 1960களின் நடுப்பகுதியில் அங்கு கத்தோலிக்கப் பாடசாலைகளில் ஏறத்தாழ 52 இலட்சம் மாணவர் பயின்றனர். இன்று அத்தொகை ஏறத்தாழ 17 இலட்சம். வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல: நகரங்களிலிருந்து புறநகர்களுக்கு மக்கள் பெயர்ந்தமை, பிறப்பு வீதம் குறைந்தமை, சமய ஈடுபாடு தளர்ந்தமை என்பன அவற்றுட் சில. ஆனால் கன்னியரின் இடத்துக்கு வேதனம் பெறும் ஆசிரியர் வந்தபோது கட்டணம் உயர்ந்தது என்பதும், கட்டணம் உயர்ந்தபோது வறியோர் விலகினர் என்பதும் அவற்றுள் முக்கியமானவை. சாட்சியம் குறைந்ததால் மாத்திரம் கதவுகள் மூடப்படவில்லை.

இங்கே நமது நாட்டு வரலாறு உதவிக்கு வருகின்றது. அமலமரித் தியாகிகள் சபையினர் 1847இல் இலங்கை வந்தனர். 1850இல் யாழ்ப்பாணத்தில் ஆரம்பிக்கப்பட்ட கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலை 1881இல் புனித பத்திரிசியார் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. திருக்குடும்பக் கன்னியர் 1862இல் வந்தனர். 1868 முதல் யாழ்ப்பாண ஆயராக இருந்து, பின்னர் கொழும்பின் முதலாவது பேராயரான போன்ஜீன் ஆண்டகை, சமயச் சார்பான பாடசாலைகளுக்கு அரசாங்கம் நன்கொடை வழங்கவேண்டும் என்று ஓயாது வாதாடினார். 1869இல் பொதுப்போதனாத் திணைக்களம் உருவாகி, நன்கொடை முறையும் நிலைபெற்றது. பத்திரிசியார் கல்லூரியிலே 1936 முதல் 1954 வரை அதிபராயிருந்த லோங் அடிகளை இக்காலத்தின் உச்சமாகக் கொள்ளலாம். யாழ்ப்பாணப் பொது நூலகம் எழுவதற்கு உழைத்தவர்களுள்ளும் அவர் ஒருவர் என்பதை யாழ்ப்பாணத்தார் மறக்கவில்லை.

இத்தகைய அதிபர்களைப் பற்றி எழுதுவோர் அவர்தம் ஆளுமையைப் புகழ்வதோடு நின்றுவிடுவர். பழைய மாணவர் மலர்கள் அனைத்தும் இதே இராகத்தையே பாடும். அந்த ஆளுமையைத் தாங்கிய ஏற்பாடு எது என்பதே நமக்கு வேண்டியது. அதிபர் தனியே வாழவில்லை. கல்லூரி வளவிலேயே சக குருமாரோடு வாழ்ந்தார். ஒரே மேசையில் உண்டார். ஒரே வேளையிற் செபித்தார். ஆண்டுக்கொருமுறை தியானத்துக்குச் சென்றார். பிழைவிட்டால் இடித்துரைக்க மூத்தவர் இருந்தார். நோயுற்றால் பார்க்க ஆள் இருந்தது. அடுத்த மாதக் கடன்தவணை பற்றிய கவலை அவருக்கில்லை. பொறுப்பைக் கைமாற்றும் நாள் வந்தபோது, பதவி போய்விட்டதே என்ற அவமானமும் இல்லை. சபை வேறொரு பணி தந்தது. யாழ்ப்பாண வழக்கு 'மிசன்' என்று சொன்னது இந்த முழு ஏற்பாட்டையுமே.

ஆயினும் இது படத்தின் ஒரு பக்கமே. நகரத்துக் கல்லூரிகளைப் பார்த்து எழுதுவோர் கிராமத்துச் சுயபாஷைப் பாடசாலைகளை மறந்துவிடுகின்றனர். கோயிலுக்குப் பக்கத்து ஓலைக் கொட்டிலில் நடந்த அப்பாடசாலையின் முகாமையாளர் பங்குக் குருவானவர். ஆனால் அன்றாடம் அதனை நடத்தியவர் சட்டம்பியார் என்று ஊரார் அழைத்த பொதுநிலைத் தலைமையாசிரியரே. ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பதும் பல இடங்களில் அவர் பொறுப்பே. ஆகவே பொதுநிலையினரின் தலைமை 1965இன் பின்னர் பிறந்த புதுமை என்று உரோமை ஏடுகளும் கிரேஸும் ஒருங்கே கொள்ளும் எடுகோள் நமது கிராமங்களுக்குப் பொருந்தாது. கடலோரக் கிராமத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளின் முதல் எழுத்தை ஏட்டில் எழுதுவித்தவர்கள் மனைவி மக்களோடு வாழ்ந்த இந்த ஏழை ஆசிரியர்களே. அவர்களிடம் பணியுணர்வு இருந்தது; அதிகாரம் இருக்கவில்லை. முகாமையாளரின் மனம் கோணினால் வேலைக்கு உறுதியில்லை என்ற நிலையிலே நெடுங்காலம் வாழ்ந்தனர். முகாமையாளர் முறைக்கு எதிராக ஆசிரியர் சங்கங்கள் எழுப்பிய குரலைச் சமயப் பகை என்று மாத்திரம் கொள்ளுதல் நேர்மையாகாது.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளின் முகாமை அவ்வாண்டு டிசம்பரில் கல்விப் பணிப்பாளரிடம் சென்றது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் பாடசாலைகளின் ஆதனங்களையும் அரசாங்கத்திடம் சேர்த்தது. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. கல்வியமைச்சர் பதியுதீன் மஹ்மூத். கத்தோலிக்கப் பெற்றோர் பல பாடசாலைகளிற் புகுந்து தங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து சமரசம் பேசினார். கத்தோலிக்கர் இதனைத் தமக்கெதிரான தாக்குதலாகவே கண்டனர். ஆனால் இந்துக் கல்விச் சபையின் பாடசாலைகளும் அதே சட்டங்களாலேயே அரசாங்கத்திடம் சென்றன என்பதைச் சேர்த்து நோக்கல் வேண்டும்.

சட்டங்களின் பின்னர் இரண்டு வழிகள் தோன்றின. மேல் தரப் பாடசாலைகள் சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தொடர முன்வந்தன; பத்திரிசியார் கல்லூரி அவற்றுள் ஒன்று. கட்டணமும் இல்லை, நன்கொடையும் இல்லை. பின்னாளில் ஆசிரியர் வேதனத்தை அரசாங்கம் ஏற்கும்வரை, நலன்விரும்பிகளின் உதவியே அவற்றின் உயிர்நாடி. அக்காலத்திற் பாடசாலையைக் காத்தவர்கள் என்று குருமாரின் பெயர்கள் எழுதப்படுகின்றன. அரசாங்கப் பாடசாலைக்குச் சென்றால் நிச்சயமான வேதனமும் ஓய்வூதியமும் உண்டு என்றறிந்தும் செல்லாதிருந்த பொதுநிலை ஆசிரியரும் காத்தவர்களே. சாட்சியம் என்ற சொல்லுக்கு உதாரணம் தேடுவோர் இங்கே தேடலாம். ஆனால் அந்தச் சாட்சியத்தின் செலவை ஏற்றவர்கள் அவர்களுடைய குடும்பத்தினர் என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

மற்றைய வழி பெரும்பான்மையான பாடசாலைகளுக்கு வாய்த்தது. அவை அரசாங்கப் பாடசாலைகளாயின. பெயர்ப்பலகையிலே புனிதரின் பெயர் நிலைத்தது. வளவின் மூலையிலே கெபியும் நிலைத்தது. கன்னியரும் குருமாரும் சிலர் அரசாங்க ஊதியம் பெறும் ஆசிரியராகவும் அதிபராகவும் அவற்றிலே தொடர்ந்து பணிபுரிந்தனர். திருச்சபைக்குச் சொந்தமில்லாத பாடசாலையில் கத்தோலிக்கப் பணி இருக்கமுடியுமா? 1960இலே இரு தரப்பாரும் ஒரு விடையில் ஒன்றுபட்டிருந்தனர்: உரிமை போனால் பணியும் போகும் என்று ஒரு தரப்பார் அஞ்சினர், மறுதரப்பாருட் சிலர் அதையே விரும்பினர். பின்னர் நடந்தது இருவரும் எதிர்பாராதது. சில இடங்களிற் பணி மெல்ல மங்கிப் பெயராக மாத்திரம் மிஞ்சியது. சில இடங்களில் அது நிலைத்தது. அவ்வாறு நிலைத்த இடங்களுக்குப் பொதுவான அம்சம் ஒன்றுண்டு: பாடசாலையின் அருகே ஒரு கன்னியர் மடமோ, விடுதியோ, அறைவீடோ இயங்கிக்கொண்டிருந்தது. அரசாங்க அதிபராகிய அருட்சகோதரி மாலையில் திரும்பிச் செல்ல ஓர் இல்லம் இருந்தது. காணி உறுதி யார் பெயரில் உள்ளது என்பதைவிட இது முக்கியமாயிற்று. 1982ஆம் ஆண்டின் உரோமை ஏட்டிலே, கத்தோலிக்கம் சாராத பாடசாலைகளிற் பணிபுரியும் கத்தோலிக்க ஆசிரியரைப் பற்றிய பகுதியொன்றுண்டு. இலங்கைக்கு மிகவும் பொருந்துவது அப்பகுதியே.

மட்டக்களப்பு இன்னுமொரு சான்று தருகின்றது. 1873இல் ஆரம்பமான புனித மிக்கேல் கல்லூரியை இயேசு சபையினர் நெடுங்காலம் நடத்தினர். இன்று அது அரசாங்கத்தின் தேசிய பாடசாலை. அமெரிக்க இயேசு சபைத் துறவியான வெபர் அடிகளின் பெயரை மட்டக்களப்பு விளையாட்டரங்கம் தாங்கி நிற்கின்றது. அவருடைய சபையைச் சேர்ந்த ஹெபர்ட் அடிகள் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகவும் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தின் பணிப்பாளராகவும் விளங்கினார். பல்கலைக்கழகம் செல்லும் வாய்ப்பில்லாத தமிழ், முஸ்லிம் இளைஞருக்குக் கைத்தொழில் கற்பித்தமை அவரது பணி. 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி, இனக்கலவரம் கொதித்த நாட்களிலே, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்ட அவரும் அவருடன் சென்ற இளைஞரும் காணாமற் போயினர். அவர்கள் திரும்பவே இல்லை. கல்லூரியின் ஆட்சி கைவிட்டுப்போன பின்னும் பணி வாழ்ந்தது என்பதற்கு இதனினும் கனமான சான்று வேண்டியதில்லை. அதேவேளை, அவருக்கு ஒரு சபை இருந்தது. அவர் ஒரு குடும்பத்தின் ஒரே உழைப்பாளியாக இருக்கவில்லை. அவருடன் காணாமற் போனவரின் குடும்பத்தை எண்ணும்போது, 'சாட்சி' என்ற ஒரே சொல்லால் இருவரையும் குறித்துவிட்டு அப்பாற் செல்ல மனம் ஒப்பவில்லை.

பொதுநிலை அதிபர் ஒருவருக்கு இன்று என்ன துணை வேண்டும்? கருத்தரங்குகளும் ஒருநாட் பயிற்சிகளும் துணை என்று கொள்ளப்படுகின்றன. அவை வேண்டாமென்பதில்லை. ஆனால் அதிபரின் உண்மையான சோதனை, 'இயலாது' என்று சொல்லவேண்டிய நேரத்திலேயே வருகின்றது. முதலாந்தர அனுமதிக்கு வசதி படைத்தவரின் பிள்ளைக்காகப் பழைய மாணவர் சங்கத்தின் பிரமுகர் வந்து நிற்பார். பெறுபேற்று வீதம் குறையும் என்பதனால் பலவீனமான மாணவனைப் பரீட்சைக்கு அனுப்பாதிருக்குமாறு ஆசிரியர் சிலர் ஆலோசனை கூறுவர். வாயிற்கதவிலே புலமைப்பரிசிற் சித்தியாளரின் படங்களோடு பதாகை தொங்கவேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்ப்பர். (இங்கிலாந்தின் தரவரிசைப் பட்டியலுக்கு ஈடாக நம்மிடம் இப்பதாகை இருக்கின்றது, சீலை மலிவு என்பதே வேறுபாடு.) இவ்வேளைகளில் அதிபர் 1977ஆம் ஆண்டின் ஏட்டிலுள்ள வறியோர் பற்றிய எச்சரிக்கையை நினைவு கூர்ந்து உறுதியாய் நின்றாரெனில், மறுநாட் காலையில் அவருக்குப் பின்னால் நிற்பவர் யார்? ஆயரா, பாடசாலைச் சபையா, திணைக்களமா? தனியே நின்று தோற்ற அதிபர் இரண்டாம் முறை நிற்கமாட்டார்.

இதற்கு நமது வரலாற்றிலே ஒரு பழைய உரைகல் உண்டு. 1930ஆம் ஆண்டளவில், உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர்ந்து கற்கவேண்டும் என்ற ஒழுங்கு வலியுறுத்தப்பட்டபோது குடாநாட்டிலே கடும் எதிர்ப்பெழுந்தது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. பணி பற்றிய உயர்ந்த கொள்கையும் ஊரில் ஆதிக்கம் பெற்றிருந்தவர்களின் விருப்பமும் நேருக்குநேர் மோதிய தருணம் அது. மிசன்களும் அக்காலத்தில் சாதிக்கு முற்றிலும் அப்பாற்பட்டிருந்தன என்று எவரும் துணிந்து கூறமாட்டார். அன்று வாங்கின் மீது ஒரு பிள்ளை அமர்வதற்குத் தலைமையாசிரியரின் நல்லெண்ணம் போதவில்லை. சட்டமும் நன்கொடை நிறுத்தப்படலாம் என்ற அச்சமும் அவருக்குப் பின்னால் நிற்கவேண்டியிருந்தது.

இன்னொரு குறையையும் சுட்டவேண்டும். 'சாட்சி' என்ற கோட்பாடு கத்தோலிக்க ஆசிரியரை மையமாகக் கொண்டது. யாழ்ப்பாணத்து மிசன் பாடசாலைகளிலோ சைவ ஆசிரியர் பலர் பணிபுரிந்துள்ளனர். மாணவருள்ளும் சைவர் பலர். திருநீறு பூசிய கணித ஆசிரியர் ஒருவர், பின்வாங்கில் இருக்கும் மீனவர் மகனைப் பாடசாலை விட்ட பின் மறித்துவைத்து அட்சரகணிதம் சொல்லிக்கொடுப்பாராயின், வறியோர்க்கு முதலிடம் என்னும் அப்பாடசாலையின் பணியை அந்த மாலையில் நிறைவேற்றுபவர் அவரே. இவரை எப்பெயரால் அழைப்பது? உரோமை ஏடுகளில் இவருக்கு விருந்தாளியின் ஆசனமே கிடைக்கின்றது. 2022ஆம் ஆண்டின் அறிவுறுத்தல் உரையாடற் பண்பாடு பற்றிப் பேசுவது இத்திசையில் ஒரு முன்னேற்றமே; ஆனால் அங்கும் உரையாடல், உள்ளேயிருப்பவர் வெளியே இருப்பவரோடு நடத்துவதாகவே உருவகிக்கப்படுகின்றது. நம் பாடசாலைகளில் அவர் வெளியே இருக்கவில்லை. தலைமையைத் தாங்குவதற்கு யார் யார் உள்ளனர் என்று கணக்கெடுப்போர் கத்தோலிக்கரை மாத்திரம் எண்ணினால் பாதி ஆசிரியர் அறையைத் தவறவிடுவர்.

கிரேஸ் செய்தது போன்றதோர் ஆய்வு இலங்கையிலும் செய்யப்படத்தக்கது. அதற்கு இலண்டன் செல்லவேண்டியதில்லை. அரசாங்கம் பொறுப்பேற்ற கத்தோலிக்கப் பாடசாலைகளின் அதிபர் அறை அலுமாரிகளிலே சம்பவத் திரட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. போரிலும் வெள்ளத்திலும் அழியாது தப்பியவை சிலவேனும் இருத்தல் கூடும். 1960 டிசம்பரில் முகாமையாளரின் கையொப்பம் நின்று பணிப்பாளரின் முத்திரை விழும் பக்கத்தை எடுத்து, அதற்கு முந்திய பத்தாண்டையும் பிந்திய பத்தாண்டையும் வாசித்தல் வேண்டும். யார் யார் அனுமதிக்கப்பட்டனர், யார் இடையில் விலகினர், எந்த ஆசிரியர் எத்தனை ஆண்டு நின்றார், அதிபர் எவரிடம் உதவி கேட்டு எழுதினார், பதில் வந்ததா என்பனவெல்லாம் அப்பக்கங்களிலே மங்கிய மையில் இருக்கும். ஓய்வுபெற்ற கன்னியர் சிலரும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களை அமர்த்திக் கேட்டு எழுதும் வேலையை நமது கலைப்பீட மாணவர் எவரேனும் இறுதியாண்டு ஆய்வாகத் தொடங்கலாம். பிந்தினால் கேட்பதற்கு ஆள் இருக்காது.